தலைக்கட்டில் சேராத வீடு

நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவதென்றால் மெதுவாகத்தான் வரும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். மேட்டுக்காடு. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கொள்ளு. வீட்டுக்காரர் காய்ச்சலில் போனபோது பையன் தவழ்கிற பிள்ளை. அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அதற்குப் பிறகு நானும் பையனும் ஒரு எருமையும்தான்.

பையனுக்குப் படிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சந்தை கூடுகிற ஊரில் போர்டு பள்ளிக்கூடம் இருந்தது. தினமும் நடந்து போய் வருவான். அங்கே மூன்றாம் பாரம், அதாவது இப்போதைய எட்டாம் வகுப்பு வரைதான். மேலே படிக்கத் திருச்செங்கோடு போகவேண்டும், இல்லை நாமக்கல். தங்க வைத்துப் படிக்கவைக்க என்னால் ஆகாது. மூன்றாம் பாரத்தோடு படிப்பு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அப்போதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தை ஹைஸ்கூல் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்திய காலம். அடுத்த வருசம் நாலாம் பாரம் வரும், பிறகு ஐந்து, ஆறு என்றார்கள். பையன் அன்றைக்குச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜில்லா போர்டு அதிகாரி ஒருவர் காரில் வந்து சந்தைத் திடலில் கூட்டம் போட்டார். தயிர் விற்கப் போன நான் கூடையோடு ஓரமாக நின்று கேட்டேன். கட்டடச் செலவில் பாதி போர்டு போடும், மீதியை ஊர்கள் போடவேண்டும் என்றார். வரி போட்டுக் கொடுத்தவர்கள் பிள்ளைகளுக்குத்தான் இடம். எந்தெந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே என்று நீங்களே எல்லை போட்டுக்கொள்ளுங்கள். வெளியாட்களுக்கு இடம் மிஞ்சினால் பார்க்கலாம். அவர்களுக்குச் சம்பளம் இரட்டிப்பு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற பணத்தை அப்போது சம்பளம் என்றுதான் சொல்வோம்.

அவர் காரின் புழுதி அடங்குவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

“ஆறுதான் எல்லை. ஆத்துக்கு அக்கட்டால இருக்கறவங்க திருச்செங்கோட்டுக்குப் போய்க்கோணும்.”

“ஏனுங்க, அது ஆறுங்களா? ஐப்பசியில ரெண்டு நாளு தண்ணி வருது. மத்த நாளெல்லாம் உங்கூட்டு ஆடு எங்க பக்கந்தானுங்க மேயுது?”

“ஆடு மேஞ்சா மேயட்டும். பசங்க வரக்கூடாது.”

“அப்ப ஆட்டையே நாலாம் பாரத்துல சேத்துப்போடுங்க. உங்கூட்டுப் பசங்களுக்கு அது பரவாயில்ல.”

செலவைப் பற்றியும் பேச்சு.

“மேல ஓடு எதுக்குங்க? ஓலை போட்டா ஆவாதா? நாமெல்லாம் ஓலைக்குக் கீழதானே வளந்தோம்?”

“அதுதான் பேச்சுலயே தெரியுதே.”

இன்னொருவர் எழுந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். “எம்பையன் மூணாம் பாரத்துல மூணு வருசமா உக்காந்திருக்கறான். நீங்க நாலாம் பாரம் கட்டிக் குடுத்தா அதுலயும் போய் உக்காருவான். அதுக்கு நான் வரி வேற குடுக்கோணுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

சில சந்தைகள் இந்தச் சண்டை நடந்தது. கடைசியில் ஆறுதான் எல்லை என்று முடிவாயிற்று. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர்கள் உள்ளே. எங்கள் ஊர் உள்ளே. எனக்கு அது போதும்.

எங்கள் ஊரில் பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்ட ஒரே வழிதான் உண்டு. தலைக்கட்டு வரி. கல்யாணம் ஆன ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. மாரியம்மன் நோம்பி சாட்டினால், அதாவது திருவிழா அறிவித்தால், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே போட்டார்கள். வேறு மாதிரி யாருக்கும் தெரியாது.

நான் பணத்தை மடியில் முடிந்துகொண்டு ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். வரி வாங்குகிறவர் அவர்தான். நல்ல மனிதர். என் வீட்டுக்காரரைத் தூக்கிப் போனபோது முன்னால் தோள் கொடுத்தவர்.

“இது எதுக்கு சாமி?” என்றார்.

“பள்ளிக்கூடத்து வரிங்க.”

“உங்கூட்டுல தலைக்கட்டு ஏது? தாலியறுத்த ஊட்டுல வரி வாங்கற பழக்கம் நம்மூருல இல்ல. வாங்கினா எனக்குச் சோறு எறங்குமா? எடுத்துட்டுப் போ சாமி. பையனுக்கு ஏதாச்சும் வாங்கிக்குடு.”

கண் கலங்கிச் சொன்னார். எனக்கும் கண் கலங்கிற்று. அந்தப் பணத்தில் பையனுக்குச் சட்டை எடுத்தேன். நாலாம் பாரத்துக்கு.

கட்டட வேலைக்கு ஊர்முறை வைத்தார்கள். அதற்குத் தலைக்கட்டு இல்லை. அடுப்புக்கு ஓர் ஆள். எந்த வீட்டில் புகை வருகிறதோ அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் போகவேண்டும். என் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. நான் போனேன். புதுச் சுவரில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் காரை வெடித்துவிடும். கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். சுவர் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் குடத்தோடு போகும்போது, ஊர்க்கவுண்டர் முன்னால் கீழத்தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். எங்கள் காட்டுக்கு ஏர் ஓட்ட வருகிறவர். அவர் பையன் என் பையனோடு படித்தான். அவர் கையில் துணி முடிச்சு இருந்தது.

“கோயில் வரி உங்ககிட்ட வாங்கறதில்லையேப்பா. இத மட்டும் எப்படி வாங்கறது? கொண்டு போ” என்றார் ஊர்க்கவுண்டர்.

அவர் முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவர்கள் பேசினது என் காதில் விழுந்தது. நான் போய்ச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

கட்டடம் முடிந்தது. ஆனி மாதம் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள். பையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். மூன்றாம் பாரத்தில் முதலாவதாகப் பாஸ் ஆனவன். எனக்கு ஒரு பயமும் இல்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுச் சாவகாசமாகத்தான் போனேன்.

பெரிய வாத்தியார் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர், கும்பகோணம் பக்கம். பக்கத்தில் பெஞ்சில் ஒவ்வொரு ஊர்ப் பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள், தங்கள் ஊர்ப் பிள்ளை எது என்று அடையாளம் சொல்ல. எங்கள் ஊர்க்கவுண்டரும் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“இந்தப் பையன் எந்த ஊர்?” என்றார் பெரிய வாத்தியார்.

“எங்கூருங்க. தங்கமான பையனுங்க” என்றார் ஊர்க்கவுண்டர்.

“தெரியும், நன்றாகப் படிக்கிறவன். வரி கட்டின வீடுதானே?”

ஊர்க்கவுண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலைக்கட்டுக் கணக்கில் பொய் சொல்வது மாரியம்மன் முன்னால் பொய் சொல்வது மாதிரி. அவர் சொல்லமாட்டார்.

“இல்லீங்க” என்றார்.

“கட்டவில்லையா?”

“கட்ட வந்தாங்க. நாந்தான் வாங்கல. தலைக்கட்டு இல்லீங்க.”

“அப்படியென்றால்?”

ஊர்க்கவுண்டர் விளக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிற்று. என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பெரிய வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். “அப்படியானால் இந்த வீடு உங்கள் ஊரிலேயே இல்லையா?”

“ஊருல இருக்குதுங்க. கணக்குல இல்லீங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கிற்று. ஆறுதான் எல்லை என்று நினைத்திருந்தேன். அது என் வீட்டைச் சுற்றிப் போயிருந்தது.

“இப்பக் கட்டறனுங்க” என்றேன்.

“என்னிடம் கட்ட முடியாதம்மா. ஊர் மூலமாக வரவேண்டும். இல்லையென்றால் வெளியாள் கணக்கு, இடம் மிஞ்சினால்தான், சம்பளமும் இரட்டிப்பு. போர்டு உத்தரவு.”

ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன். “ஊர் கூடித்தான் சொல்லோணும் சாமி” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பையன் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அடுத்த பையன்” என்றார்கள். நாங்கள் விலகினோம். நான் தண்ணீர் ஊற்றிய சுவர் பக்கமாகத்தான் வெளியே வந்தோம்.

வாசலில் கீழத்தெருக்காரர் தன் பையனோடு நின்றிருந்தார். உள்ளேயே விடவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தார். என் பையனைப் பார்த்தார்.

“நீங்களுமாங்க அம்மணி?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு அன்றைக்குப் பட்ட பெரிய அடி. ஆமாம் என்றேன்.

அந்த வாரமே ஊர் கூடிற்று. கோயில் முன்னால். என்னைப்போல இருக்கிறவர்கள் ஊர்க்கூட்டத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. நான் மதில் மறைவில் நின்றேன். இருக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

“வாங்கிக்கலாமுங்க. கட்டறேங்கறவங்ககிட்ட வாங்கறதுல என்ன?” என்றார் ஊர்க்கவுண்டர்.

“இன்னைக்கு இவங்ககிட்ட வாங்கினா நாளைக்குக் கீழத்தெருவுல வாங்கோணும். அப்புறம் தேர்வடத்த நானுந்தான் புடிப்பேன்னு வருவான். வரட்டுங்கறீங்களா?”

“தாலியறுத்த காசு ஊருக்கு ஆவுமா? மழை தண்ணி பெய்ய வேண்டாமா?”

பேசினவர்கள் எல்லாம் என் காட்டில் கடலை பிடுங்கக் கூலி வாங்காமல் வந்தவர்கள். சாவுக்கு வந்து அழுதவர்கள். கெட்டவர்கள் இல்லை.

வயதான ஒருவர் தொண்டையைச் செருமினார். “இதுக்கு எதுக்கு இத்தன பேச்சு? பையனுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணிப்போடுங்க. அவன் தலைக்கட்டு ஆயிருவான். நாமளும் வரி வாங்கிக்கலாம். பள்ளிக்கூடத்துலயும் சேத்துக்குவாங்க. வழக்கமும் கெடாது.”

யாரோ சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் நல்ல வழி கிடைத்தது என்று தலையாட்டினார்கள்.

“பையனுக்குப் பதினாலுதானே நடக்குது? சர்க்கார் சட்டம் இருக்குதுங்களே?” என்றார் ஒருவர்.

“சர்க்காரா வந்து பந்தக்கால் நடுது? நாமதானே நடறோம்.”

“பொண்ணு?”

“தாய்மாமன் புள்ள இருக்குதல்லோ.”

அங்கேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன். நாலாம் பாரத்தில் உட்கார என் பையன் தாலி கட்டவேண்டும்.

வீட்டுக்கு வந்து பையனிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“கல்யாணம் பண்ணிக்கிட்டா சேத்துக்குவாங்களாம்மா? நெசமா?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

அவன் அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினான். “அப்பச் சரி” என்றான்.

படிப்புக்காக அவன் எதற்கும் சரி என்பான்.

விடிந்ததும் வெண்ணந்தூர்ப் பக்கம் இருக்கிற என் அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நங்கை, அதாவது அண்ணன் மனைவி, சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் மண்ணில் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆளாக, இரண்டு பேருக்கும் தானே ஆடினாள். தோற்கிற பக்கத்துக்கு ஒரு கொட்டை கள்ளத்தனமாகச் சேர்த்துக்கொடுத்தாள். என்னைப் பார்த்ததும், “அத்தே, அந்தப் பக்கத்துக்கு நீங்க ஆடுங்க” என்றாள். முன்பல் ஒன்று இல்லை.

“ஏனுங்க, இந்நேரத்துல? ஏதாச்சும் சங்கதியா?” என்றாள் நங்கை.

“ஒண்ணுமில்ல. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

கூழ் குடித்தேன். ஓர் ஆட்டம் ஆடினேன். திரும்பி நடந்தேன்.

வழியில் அழவில்லை. அழுகிற அளவுக்கு இதை இன்னும் நம்பவில்லை. இப்படியெல்லாம் ஊரில் நடக்குமா என்றே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

“போனீங்களா?” என்றான் பையன்.

“போனேன். கேக்கல.”

அவன் சட்டையை மடித்துப் பானைமேல் வைத்தான். மறுநாளிலிருந்து காட்டு வேலைக்கு வந்தான். கீழத்தெருக்காரர் ஏர் ஓட்டினார். அவர் பையனும் வந்தான். இரண்டு பையன்களும் கல் பொறுக்கினார்கள். பேசிக்கொண்டார்களா என்று தெரியாது. என் காதில் விழவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் சாணி தட்டிக்கொண்டிருந்தேன். எருமை கட்டுகிற கட்டுத்தரைப் பக்கம் யாரோ செருமினார்கள். பெரிய வாத்தியார். கையில் குடை. காலெல்லாம் செம்மண். பின்னால் ஊர்க்கவுண்டர்.

பையன் ஏதாவது செய்துவிட்டானோ என்று நினைத்தேன்.

“பையன் எங்கேயம்மா? நாளைக்கே அனுப்பிவையுங்கள்” என்றார் பெரிய வாத்தியார்.

“எங்கீங்க?”

“பள்ளிக்கூடத்துக்குத்தான். நாலாம் பாரத்தில் ஆள் போதவில்லை. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். குறித்த எண்ணிக்கை இல்லையென்றால் வகுப்பை மூடச் சொல்லிவிடுவார். கட்டின கட்டடம் சும்மா கிடக்கும்.”

நான் ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன்.

“வரி கட்டின ஊடுகள்ல பசங்க இருக்கறாங்க சாமி. பாசான பசங்க பத்தல” என்றார்.

சந்தைத் திடலில் அன்றைக்கு ஒருவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் பையன் நாலாவது வருசமாக மூன்றாம் பாரத்தில் உட்கார்ந்திருந்தான். எல்லை போட்டார்கள், ஓடு போட்டார்கள், சண்டை போட்டார்கள். உள்ளே உட்கார ஆள் இருக்கிறதா என்று ஒருவரும் எண்ணவில்லை.

“கீழத்தெருவுக்குப் போனீங்களா?” என்றேன்.

“அடுத்து அங்கேதான்” என்றார் பெரிய வாத்தியார். ஊர்க்கவுண்டர் தரையைப் பார்த்தார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். “வரி வாங்குவீங்களா?” என்று ஊர்க்கவுண்டரிடம் கேட்டேன்.

“அது எதுக்கு சாமி இப்ப? பெரிய வாத்தியாரே ஊடு தேடி வந்து கூப்படறாரு. அனுப்பிவெய்யி.”

“இன்ஸ்பெக்டர் போன பொறகு?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெரிய வாத்தியார் குடையை மண்ணில் ஊன்றினார். போர்டு உத்தரவுப்படி வரி கட்டாத வீட்டுப் பையன் அப்போதும் வெளியாள்தானே.

“வரி வாங்கினா வருவான்” என்றேன். “இல்லாட்டி இல்ல.”

அப்படிச் சொன்னது நான்தானா என்று இருந்தது. பையன் கொல்லையிலிருந்து வந்து கதவோரம் நின்றிருந்தான். என்னை முறைத்தான். சும்மா கிடைத்ததைக் கெடுக்கிறாளே என்று அவனுக்குக் கோபம்.

பணம் இல்லை. சட்டை எடுத்தது போக மிச்சமும் செலவாகிவிட்டது. எருமைக் கன்று ஒன்று நின்றது. அதை அவிழ்த்துக் கயிற்றை ஊர்க்கவுண்டர் முன்னால் நீட்டினேன்.

“கீழ போடு சாமி, எடுத்துக்கறேன்” என்றார். என் கையிலிருந்து நேராக வாங்குவது வரி வாங்கினதாக ஆகிவிடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் போடவில்லை. நீட்டினபடியே நின்றேன். கன்று இழுத்தது. கை வலித்தது.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். என் விரல் அவர் விரலில் பட்டது.

“நாளைக்கு என்னென்ன கேப்பாங்களோ” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். ஊர்க்கவுண்டர் கன்றை இழுத்துக்கொண்டு முன்னால், பெரிய வாத்தியார் குடையோடு பின்னால். கன்று கோயில் முன்னால் படுத்துக்கொண்டு எழ மறுத்ததாம். கூட்டம் கூடி, யார் கன்று என்று கேட்டார்களாம். அவர் பொய் சொல்லமாட்டார். தலைக்கட்டு வரி என்று சொல்லியிருக்கிறார்.

பையன் மறுநாள் போனான். கீழத்தெருப் பையனும் போனான். அவனைப் பெரிய வாத்தியாரே வெளியாள் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அவன் அப்பனிடம் ஊர் வரி வாங்கவில்லை. கடைசிவரை வாங்கவில்லை.

ஏர் ஓட்டும்போது அவர் கேட்டார். “உங்ககிட்ட வாங்கிட்டாங்களாமுங்க?”

“ஆமா.”

அவர் மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

மாசியில் நோம்பி சாட்டினார்கள். வரி கேட்டு என் வாசலுக்கும் வந்தார்கள். என் வாசலுக்கு மட்டும் இல்லை. ஊரில் தாலியறுத்த வீடு எல்லாவற்றுக்கும் போனார்கள். ஒரு வீட்டில் வாங்கிவிட்டு மற்ற வீட்டில் விட முடியுமா என்று நியாயம் பேசினார்களாம். தண்ணிக் கிணற்றுக்குப் போனால் அந்த வீட்டுக்காரிகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“உன்ர பையன் பள்ளிக்கூடம் போறதுக்கு நாங்க எதுக்கடி வரி கட்டோணும்? சும்மா கெடந்தமே, எங்களையும் இழுத்து உட்டுட்டியே.”

அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இல்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லையே என்று குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நீர் சேந்தினேன்.

அந்த வருச நோம்பி வரிக்கு, அடுத்த மழைக்கு வைத்திருந்த கடலை விதையை விற்றேன்.